டெபாசிட்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
ஸ்கூட்டரோடு என் எடைமேடையில் ஒருமுறை ஏறி இறங்கி
(சும்மாதான்)
லண்டன்பேட்டை வழியாக ஸ்டேஷனுக்குப் போனேன்.
காலிடுக்கில் மாங்கூழ் டப்பா வந்த அட்டைப்பெட்டி,
உள்ளே மூன்று வெப்ளி ரிவால்வர்கள்.
'வெயிலில் வைக்காதீர்' என்றது பெட்டி.

ரைட்டர் முனிலட்சுமி லேசில் பேனா எடுக்கவில்லை.
"சுடுமா சார்?"
தோட்டா இருந்தால் சுடும்.
"இருக்கா?"
இல்லை. இந்த அளவைச் சொன்னால் கடையில் சிரிக்கிறார்கள்.
"அப்போ எதுக்கு சார் மூணு?"

லைசென்ஸில் காரணம்: பயிர்ப் பாதுகாப்பு.
பயிர் என்று எனக்கிருப்பது
மொட்டைமாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி.
காட்டுப்பன்றி மாடிப்படி ஏறியதில்லை இதுவரை.
கல் லாரி ஏறும், இறங்கும்,
சீட்டு அடித்துக் கொடுப்பேன், அதுதான் பிழைப்பு.
பத்துப் பத்து கிலோவாகத்தான் எண்ணும் என் மேடை.
அதற்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.

மார்க் நான்கை எடுத்துக் காட்டினேன்:
பிடியைப் பாருங்கள், கிளிமூக்கு மாங்காய்.
"அட, ஆமா சார்."
மார்க் ஆறு, பெரிய சண்டைக்கென்று செய்தது,
இதை வைத்து ஆணியும் அடிக்கலாம்.
மார்க் ஐந்தைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை.

ராயக்கோட்டையில் பென்ஷன் வாங்கிச் செத்த
யாரோ ஒரு கேப்டனின் பேரன் டெஸ்மண்ட்.
பீரோவையும் தருகிறேன் என்றான், பீரோ வேண்டாம் என்றேன்.
பெயர் மாற்ற எட்டு மாதம்
கலெக்டர் ஆபீஸ் படி ஏறினேன்.
அதன் உடம்பில் காக்கைக்கால் போல ஒரு அம்புக்குறி,
சர்க்கார் சொத்து என்று அர்த்தம்.
விற்றுவிட்டால் எதிரே இன்னொன்று அடிப்பார்கள்,
இரண்டும் மூக்கை இடித்துக்கொண்டு நிற்கும்.
இதில் ஒன்றுதான்.
யாரும் இதை யாருக்கும் விற்கவில்லை.

பிறகு அந்த அறை.
ஆறில் ஐந்து கண்ணாடி.
ஒன்றில் மட்டும் அம்மைத் தழும்பு.
அந்தக் காலத்து மருந்து அப்படி,
சுட்டபின் வெந்நீரில் கழுவாவிட்டால் இரும்பைத் தின்னும்.
ஒரே ஒரு முறை.
மற்ற ஐந்தையும் அப்படிப் பார்த்துக்கொண்டவன்
அதை ஏன் கழுவவில்லை?
மத்திகிரிப் பண்ணையில் கால் ஒடிந்த குதிரையா,
வெறிநாயா, வெறும் ஆகாசமா,
இல்லை, கழுவுவதற்குக் கை இல்லாமல் போயிற்றா?
பதினோரு வருஷம்,
குச்சியில் எண்ணெய்த் துணி சுற்றி விடும்போதெல்லாம்
அந்த வாசலில் சிக்கும்.

இரண்டுக்கு மேல் கூடாது என்று சட்டம் வந்தது.
எனக்கு நோட்டீஸ், மறுபடி நோட்டீஸ்.
ஸ்டெல்லா சொன்னாள்:
"ஆறு ரூம் இருந்து என்னங்க,
வாடகையா வருது? ஒண்ண விடுங்க."
மூன்றிலும் அரிது ஐந்துதான்.
விடவேண்டியது ஆறை, அதுபோல நூறு கிடைக்கும்.
வரும் வழியெல்லாம் அப்படித்தான் முடிவு.

"எது சார் திரும்ப வேணாம்?"
ஐந்தைக் காட்டினேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை.
பதிவேட்டில் எழுதினார்:
'பழைய கைத்துப்பாக்கி 1. துருப்பிடித்தது.'
துரு இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.
போன் வந்தது, எழுந்து போய்விட்டார்.

ஓட்டு எண்ணி முடிந்த வாரம்
ரசீதைக் கொடுத்து இரண்டை வாங்கினேன்.
ஸ்டேஷன் எதிர் டீக்கடையில்
டெபாசிட் பறிகொடுத்த சுயேச்சை ஒருவர்
தெரிந்தவர் போலக் கும்பிட்டார். கும்பிட்டேன்.

மேடையில் ஸ்கூட்டரோடு ஏறினேன்.
போன அன்றைக்கு நூற்றெண்பது.
இன்றைக்கும் நூற்றெண்பது.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
சீட்டை அடித்து மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.